யாருக்காக இந்தக் கோபம்?

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுக்குப் போகும் வழியில், மறைமலைநகரைத் தாண்டியதும் சிங்கப்பெருமாள் கோயில் வருகிறது. கோயிலின் பெயரே ஊரின் பெயர். சிறு குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த குடைவரையில் பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்கிறார். கருவறையை வலம்வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றியாக வேண்டும். தீபாராதனையின்போது பட்டர் நெற்றித் திருமண்காப்பை விலக்கி மூன்றாவது கண்ணைக் காட்டுவார். இரணியனை வதைத்த சினம் அடங்காத நிலையில் ஜாபாலி முனிவருக்குக் காட்சி தந்த கோலம் இது என்கிறது தல புராணம்.

இந்தச் சன்னதிக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. இரணியன் செய்த குற்றம் என்ன? தன்னைத் தவிர வேறு எவரையும் யாரும் வணங்கக் கூடாது என்றான். தன் பெயரையே ஓதும்படி பிள்ளைகளுக்குப் பாடம் வைத்தான். மறுத்த சொந்த மகனைக் கொல்லத் துணிந்தான். இதை நாம் பொறாமை பிடித்த அகந்தை என்கிறோம். சரி, பைபிளின் பத்துக் கட்டளைகளிலும் கடவுள் தம்மையன்றி வேறு தேவர்களை வணங்கக் கூடாது என்கிறார்; தாம் எரிச்சல் கொள்ளும் தேவன் என்று காரணமும் சொல்கிறார். கீதையின் கடைசி அத்தியாயத்தில் கண்ணனும் தன் ஒருவனையே சரணடையச் சொல்கிறான். அசுரன் கேட்டால் அகந்தை, ஆண்டவன் கேட்டால் அருள் என்று எதை வைத்துப் பிரிக்கிறோம்? மனிதரிடம் இழிவு என்று ஒதுக்கும் ஓர் உணர்ச்சி தெய்வத்திடம் மட்டும் எப்படிச் சிறப்பாகும்? இதற்குச் சமயங்களும் தத்துவமும் இலக்கியமும் உளவியலும் சொன்னவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

இருவர் போதும், மூவர் வேண்டும்

பொறாமை என்ற ஒரே பெயரால் நாம் அழைப்பது இரண்டு உணர்ச்சிகளை. அடுத்தவரிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்ற புழுக்கம் ஒன்று. இதற்கு இரண்டு பேர் போதும். நமக்கு உரியவர் இன்னொருவர் பக்கம் சாய்கிறாரே என்ற பதைப்பு மற்றொன்று. இதற்கு மூன்று பேர் வேண்டும். பங்காளி வீட்டில் மாடி எழும்பும்போது வருவது முதல் வகை. தம்பிப் பாப்பா பிறந்ததும் அம்மா மடியில் இடம் இழந்த மூத்த குழந்தைக்கு வருவது இரண்டாம் வகை.

இரண்டுமே கற்றுக்கொண்டு வருபவை அல்ல என்று தோன்றுகிறது. பால்குடி மாறாத குழந்தை ஒன்று, தன்னோடு பால் குடித்த இன்னொரு குழந்தையை முகம் வெளுத்து முறைத்ததைக் கண்டதாகப் புனித அகுஸ்தீன் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் முதல் புத்தகத்திலேயே எழுதினார். பதினாறு நூற்றாண்டுகள் கழித்து சிபில் ஹார்ட் என்ற உளவியலாளர் ஆறு மாதக் குழந்தைகளைச் சோதித்தார். தாய் ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது அவ்வளவாகக் கலங்காத குழந்தைகள், அவள் ஒரு பொம்மைக் குழந்தையைக் கொஞ்சியதும் அதிகம் கலங்கின. 2014இல் கலிபோர்னியாவில் கிறிஸ்டின் ஹாரிஸும் உடன் பணியாற்றியவரும் 36 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்தார்கள். எஜமானர் ஒரு பொம்மை நாயைத் தடவிக் கொடுத்தபோது பல நாய்கள் எஜமானரை முட்டித் தள்ளின, இடையில் புகுந்து நின்றன. 2003இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் கபுச்சின் குரங்குகளிடம் செய்த சோதனை இன்னும் பிரபலம். வெள்ளரித் துண்டுக்கு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த குரங்கு, அதே வேலைக்குப் பக்கத்துக் கூண்டுக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைக் கண்டதும் வெள்ளரியை மறுத்தது. அது பொறாமையா, நியாய உணர்வா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நம் வீட்டுச் சண்டைகளிலும் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டேதான் வருகின்றன.

காதல் பொறாமை வம்சத்தைக் காக்கும் பொருட்டுப் பரிணாமத்தில் வேரூன்றியது என்று டேவிட் பஸ் 1992இல் வாதிட்டார். உடல் துரோகம் ஆணையும், மனம் விலகுவது பெண்ணையும் அதிகம் சுடும் என்பது அவர் முடிவு. கேள்வியைக் கேட்கும் முறை மாறினால் இந்த வேறுபாடு குறைகிறது என்று ஹாரிஸ் போன்றோர் மறுத்தார்கள். 2009இல் நீல்ஸ் வான் டி வென் குழுவினர் முதல் வகைப் பொறாமையையே இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். அடுத்தவர் அளவுக்கு நாமும் உயர வேண்டும் என்று முனைய வைப்பது ஒன்று; அவரை நம் அளவுக்கு இறக்கிவிட வேண்டும் என்று துடிக்க வைப்பது இன்னொன்று. அரிஸ்டாட்டில் தம் ‘சொற்கலை’யில் ஏறத்தாழ இதே கோட்டைப் போட்டிருக்கிறார். அதே 2009இல் ஹிடெஹிகோ தக்காஹாஷி குழு ஜப்பானில் நடத்திய மூளைப் படப்பிடிப்பில், பொறாமை எழும்போது வலியோடு தொடர்புடைய பகுதி துலங்கியது. அந்தப் பொறாமைக்கு உரியவர் சரிந்து விழும்போதோ பரிசு கிடைத்தால் துலங்கும் பகுதி விழித்துக்கொண்டது. பொறாமைப்படுபவருக்கு உண்மையிலேயே வலிக்கிறது. மற்றவரின் வீழ்ச்சி அவருக்கு மருந்தாகிறது.

நம் ஊர் வழக்கம் இதை அறியாதது இல்லை. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்பார்கள். ஜி.எஸ்.டி. சாலையோரம் எழும்பும் கட்டடங்களில் அரக்க முகம் வரைந்த பூசணிக்காய் தொங்குகிறது. குர்ஆனின் 113ஆம் அத்தியாயமும் பொறாமைக்காரரின் தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடியே முடிகிறது. ஒன்றைக் கவனிக்கலாம். பொறாமை எப்போதும் அடுத்தவர் கண்ணில்தான் இருக்கிறது. தன் கண்ணுக்குப் பயந்து எவரும் பூசணிக்காய் கட்டுவதில்லை.

வள்ளுவர் தந்த இரண்டு இடங்கள்

திருக்குறளில் 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. பொறாமை உள்ளவனைக் கெடுக்க வேறு பகைவர் தேவையில்லை, அதுவே போதும் என்கிறார் வள்ளுவர். திருமகள் அப்படிப்பட்டவனைத் தன் அக்காள் மூதேவிக்கு அடையாளம் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்கிறார். அதே அதிகாரத்தில் பொறாமைக்காரன் செல்வனாக இருப்பதும் நல்லவன் கெட்டு நிற்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையும் அவருக்கு இருக்கிறது.

ஆனால் அதே நூலின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. தலைவன் தும்முகிறான். வழக்கப்படி வாழ்த்திய தலைவி, உடனே எவள் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த முறை அவன் தும்மலை அடக்குகிறான். யாரோ நினைப்பதை மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். காரணமே இல்லாத இந்தப் பொறாமையை வள்ளுவர் கண்டிக்கவில்லை. காமத்துக்கு இன்பம் என்று போற்றி, 1330ஆம் குறளோடு நூலையே அங்கே முடிக்கிறார். முதல் வகைப் பொறாமையை அறத்துப்பாலில் விலக்கியவர், இரண்டாம் வகைக்குக் காமத்துப்பாலில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். தொல்காப்பியம் மருதத் திணைக்கு ஊடலையே உரிப்பொருளாக வகுத்த மரபின் தொடர்ச்சி இது.

இரண்டும் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் இலக்கியம் காட்டியிருக்கிறது. ராஜசூய வேள்வியில் பாண்டவரின் செல்வத்தைக் கண்டு வெந்த துரியோதனனின் புழுக்கத்தைப் பாரதி ‘பாஞ்சாலி சபத’த்தில் விரித்துப் பாடினார். குருக்ஷேத்திரத்துக்கு வித்து அந்தப் புழுக்கம். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கோவலன் யாழிசைத்துப் பாடுகிறான். வேறொருத்தியை எண்ணிப் பாடுகிறான் என்று மாதவி ஐயுறுகிறாள். வேறொருவனை எண்ணியவள்போல் அவளும் பாடுகிறாள். அவள் ஊடல் விளையாட்டு. அவன் அதை மெய்யென்று கொண்டு எழுந்து போகிறான். மதுரை எரிவதற்கான முதல் பொறி அந்தப் புகார்க் கடற்கரையில் விழுந்தது. பெண் ஊடினால் இரங்கி இறங்கிவரும் ஆணைத் தமிழ்க் கவிதை நூறு முறை பாடியிருக்கிறது. ஆண் பொறாமைப்பட்ட இடத்தில் ஊரே சாம்பலாகிவிட்டது.

இக்காலத்திலும் இது வெறும் கதை இல்லை. துணைவர்மீது தீராத சந்தேகம் முற்றி மனநோயாவதை மருத்துவர்கள் ஷேக்ஸ்பியரின் பாத்திரத்தை வைத்து ‘ஒத்தெல்லோ நோய்க்குறி’ என்கிறார்கள். நீண்ட காலக் குடிப்பழக்கத்தோடு அது சேர்ந்து வருவதும் உண்டு. நம் தெருக்களில் அதற்குச் சந்தேகப் புத்தி என்று பெயர். காவல் நிலையம் வரை வரும் கொலைகள் பலவற்றுக்கும் பின்னால் அது இருக்கிறது.

வயிறெரியும் தேவர்கள்

இனி மேலுலகம். கிரேக்கரின் தெய்வங்கள் மனிதரின் பெருவாழ்வைப் பொறுப்பதில்லை. தெய்வம் பொறாமை மிக்கது என்று லிடிய மன்னன் குரோசஸைச் சோலோன் எச்சரிப்பதை ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். சாமோஸ் தீவின் பாலிகிராட்டஸ் அந்தப் பொறாமைக்கு அஞ்சித் தன் அருமை மோதிரத்தைக் கடலில் எறிந்தான். மீன் வயிற்றில் அது திரும்பி வந்தது, அவன் முடிவு கொடூரமாக அமைந்தது.

நம் தேவர்களும் சளைத்தவர்கள் இல்லை. எவனாவது தவத்தில் அமர்ந்தால் இந்திரனின் இருக்கை சூடாகிவிடும். விசுவாமித்திரனிடம் மேனகை வருவாள். பிருகதாரண்யக உபநிடதம் இதன் காரணத்தை மறைக்காமல் சொல்கிறது. மனிதருக்கு மாடு எப்படியோ, தேவர்களுக்கு மனிதர் அப்படி. ஒரு மாடு போனாலே மனம் கசக்கும். அதனால் மனிதர் மெய்ப்பொருளை அறிவது தேவர்களுக்குப் பிடிப்பதில்லை. தெய்வத்தின் பொறாமை பற்றி இந்நாட்டில் எழுந்த மிகக் கூர்மையான கிண்டல் இதுதான்.

இந்தப் பொறாமைக்குக் கல்லில் ஒரு பதில் மாமல்லபுரத்தில் இருக்கிறது. கிருஷ்ண மண்டபத்துக்குள் நீண்டு விரியும் கோவர்த்தனப் புடைப்புச் சிற்பம் பல்லவர் காலத்தது; முன்னால் உள்ள தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்ந்தது. ஆயர்கள் இந்திர பூசையை நிறுத்தி மலைக்குப் படையலிட்டார்கள். இந்திரன் கல்மழை பொழிந்தான். கண்ணன் மலையைத் தூக்கிப் பிடித்தான். சிற்பி இந்திரனின் கோபத்துக்கு இடமே தரவில்லை. கண்ணன் கையை உயர்த்தி நிற்க, அவன் நிழலில் ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது, ஒருவன் குழல் ஊதுகிறான், ஒருத்தி தலைச்சுமையோடு நிற்கிறாள். பூசை நின்றதற்காக ஊரை மூழ்கடிக்க நினைத்த தேவனைப் பொருட்படுத்தாமல் ஊர் தன் வேலையைப் பார்க்கிறது.

குறையில்லாதவனுக்குப் பொறாமை ஏது?

தத்துவவாதிகள் இந்தக் கதைகளைக் கண்டு முகம் சுளித்தார்கள். உலகை ஆக்கியவன் நல்லவன், நல்லவனிடம் எதைக் குறித்தும் பொறாமை எழாது, அதனால்தான் தன்னைப் போலவே எல்லாம் நன்றாக இருக்க வேண்டும் என்று படைத்தான் என்று பிளாட்டோ ‘திமேயஸ்’ நூலில் வைத்தார். தெய்வம் பொறாமைப்படும் என்பது கவிஞர்களின் பொய் என்றார் அரிஸ்டாட்டில். வாதம் எளிது. பொறாமை குறையிலிருந்து பிறக்கிறது. நிறைவானவனுக்குக் குறை இல்லை.

கீதையிலும் இந்தப் பெருந்தன்மை உண்டு. எவன் எந்த உருவத்தை நம்பிக்கையோடு வணங்க விரும்பினாலும் அந்த நம்பிக்கையை உறுதியாக்குபவன் நானே என்று 7ஆம் அத்தியாயத்திலும், பிற தேவரை வணங்குபவரும் முறை தவறினாலும் என்னையே வணங்குகிறார்கள் என்று 9ஆம் அத்தியாயத்திலும் கண்ணன் சொல்கிறான். பொறாமை இல்லாதவன் என்பதால்தான் அர்ஜுனனுக்கு இந்த ரகசியத்தைச் சொல்வதாகவும், தன்மேல் பொறாமை கொண்டவனுக்கு இதைச் சொல்லக் கூடாது என்றும் கூறுகிறான். இங்கே திசை திரும்பிவிடுகிறது. பொறாமைப்படுபவன் மனிதன், அவன் பொறாமைப்படுவது கடவுளைப் பார்த்து. சிசுபாலனின் நோயும் அதுதான், இரணியனின் நோயும் அதுதான்.

ஆனால் ‘ஒருவனையே’ என்ற நிபந்தனை வைணவத்தில் கறாரானது. அதற்கு ஆசாரியர்கள் சொன்ன உவமை சுந்தர காண்டத்திலிருந்து வருகிறது. இந்திரசித்து அனுமனைப் பிரம்மாஸ்திரத்தால் கட்டினான். அது போதாதென்று அரக்கர்கள் கயிற்றாலும் கட்டினார்கள். அஸ்திரம் தானே அவிழ்ந்துவிட்டது. சரணாகதியும் அப்படித்தான், வேறொரு துணையைக் கூடத் தேடினால் அது நழுவிவிடும் என்பார்கள். அஸ்திரத்துக்குக் கயிற்றின்மீது கோபம் இல்லை. நம்பிக்கையைப் பங்குபோட முடியாது, அவ்வளவுதான். பொறாமையே இல்லாமல் ஒருமையைக் கேட்க முடியும் என்பதற்கு இது நல்ல விளக்கம்.

கணவனாக நின்ற கடவுள்

எபிரேய மறை இந்த வழியில் போகவில்லை. அது கடவுளின் பொறாமையை மறைக்காமல் பறைசாற்றியது. யாத்திராகமம் 20இலும் 34இலும் அது கடவுளின் இயல்பாகவே வருகிறது. பின்னணியைப் பார்த்தால் புரியும். எகிப்தின் அடிமைத் தளையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த மக்களோடு கடவுள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஓசியா தீர்க்கதரிசி அதைத் திருமணமாக்கினார். துரோகம் செய்த மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் தம் வாழ்க்கையையே கடவுளுக்கும் இஸ்ரவேலுக்குமான உறவின் உருவமாக முன்வைத்தார். நம் கணக்கில் இது அழுக்காறு ஆகாது, ஊடலின் இனம். பாகால் தெய்வத்திடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்று கர்த்தர் ஏங்கவில்லை. தன் மக்கள் போய்விடுவார்களே என்று துடிக்கிறார்.

இஸ்லாமிய மரபிலும் இதற்கு இணை உண்டு. இறைவனைவிட ரோஷம் மிக்கவர் எவருமில்லை, அதனால்தான் மானக்கேடான செயல்களை அவன் தடை செய்தான் என்று புகாரி தொகுப்பின் நபிமொழி ஒன்று கூறுகிறது. இங்கே ரோஷத்தின் நோக்கம் அடியாரின் மானத்தைக் காப்பது.

எதிர்ப்பும் அப்போதே எழுந்தது. 2ஆம் நூற்றாண்டில் மார்சியன், பொறாமை கொள்ளும் கடவுளும் இயேசுவின் தந்தையும் ஒருவராக இருக்க முடியாது என்று பழைய ஏற்பாட்டையே ஒதுக்கினார். ரோமத் திருச்சபை அவரை விலக்கியது. நம் காலத்தில் பெண்ணிய விவிலிய அறிஞர்கள் வேறொரு கோணத்தில் கேட்டார்கள். ஓசியாவின் உருவகத்தில் கணவன் மனைவியின் ஆடையைப் பறிப்பேன், பட்டினி போடுவேன் என்று மிரட்டுகிறான். உன் நன்மைக்காகத்தான் அடிக்கிறேன் என்று சொல்லும் புருஷனுக்கு இது சாக்காகிவிடாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. அன்பினால் வந்த பொறாமை என்று பெயர் சூட்டினால் மட்டும் அது நல்லதாகிவிடாது.

அடியார்களின் உளி

கடவுள் பொறாமைப்படுகிறாரோ இல்லையோ, அவர் சார்பில் பொறாமைப்பட ஆட்கள் என்றும் குறைந்ததில்லை. மாமல்லபுரத்தில் கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் இராமானுஜ மண்டபத்திலும் உள்ள வடமொழிக் கல்வெட்டு வரி, நெஞ்சில் ருத்திரன் குடியிராதவர்களை மீண்டும் மீண்டும் சபிக்கிறது. சிவனுக்காக அகழ்ந்த இராமானுஜ மண்டபத்திலேயே புடைப்புச் சிற்பங்கள் பின்னாளில் உளியால் செதுக்கி எடுக்கப்பட்டன; சங்கும் சக்கரமும் பொறிக்கப்பட்டன. சாபமும் பழிவாங்கலும் ஒரே குடைவரையில் அருகருகே கிடக்கின்றன.

நரசிம்மரும் தப்பவில்லை. அவர் உக்கிரத்தை அடக்க சிவன் சரபமாக வந்தார் என்று சைவர் சொன்னார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எடுத்த தாராசுரம் கோயிலில் சரபமூர்த்தி இருக்கிறார். மூன்றாம் குலோத்துங்கனின் திருபுவனத்தில் சரபேசுவரருக்குத் தனிச் சன்னதி. அந்தச் சரபத்தையும் அடக்க நரசிம்மர் கண்டபேருண்டப் பறவையானார் என்று வைணவர் பதில் சொன்னார்கள். கேட்கக் கேட்கப் பங்காளிகள் மாடிமேல் மாடி கட்டிய கதையாக இருக்கிறது.

இதே மண்ணில் மாற்றுச் சாட்சியும் உண்டு. மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்ட திருமால் இருக்கிறார். அதைக் கட்டிய ராஜசிம்மன் தீவிர சைவன். அவனுடைய இயற்பெயர் நரசிம்மவர்மன். சிங்கப்பெருமாள் கோயிலில் திருமண்ணுக்குக் கீழே சிவனுக்குரிய நெற்றிக்கண்ணோடு இருப்பவரை வைணவ மரபு தயக்கமின்றிப் பூசிக்கிறது. உளிகள் செய்த சண்டையில் தெய்வங்கள் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை.

தூண் பிளந்தது எப்போது?

தொடக்கத்துக் கேள்விக்குப் பதில் பாகவதத்தின் பிரகலாதன் கதையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இரணியனின் தரப்பையும் அந்நூல் மறைக்கவில்லை. அவன் தம்பி இரணியாட்சனை வராகம் கொன்றது. எல்லாருக்கும் பொதுவான விஷ்ணு தேவர்களின் வழிபாட்டில் மயங்கி அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டான் என்பது அவன் புகார். ஓரவஞ்சனைக்கு ஆளானவனின் குரல்தான் அது. அதற்கு மருந்தாக அவன் தேர்ந்தது தானே விஷ்ணுவின் இடத்தில் உட்காருவது.

விஷ்ணு என்ன செய்தார்? 8ஆம் ஸ்கந்தத்தில் வாமனன் மாவலிக்கு ஒரு செய்தி சொல்கிறான். சூலத்தோடு துரத்தி வந்த இரணியனிடம் விஷ்ணு போர் தொடுக்கவில்லை. மூச்சுக் காற்றோடு அவன் நாசி வழியே புகுந்து அவன் இதயத்திலேயே ஒளிந்துகொண்டார். உலகெல்லாம் தேடியும் காணாமல், செத்துவிட்டான் போலும் என்று இரணியன் முடிவு செய்தான். விஷ்ணுவின் வழிபாடு தடைபட்டது, பெயர் அழிக்கப்பட்டது, செத்தவன் என்று ஏளனமும் வந்தது. ஆனாலும் விஷ்ணு வெளிவரவில்லை. பூசை நின்றதும் கல்மழை பொழிந்த இந்திரனுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

யானை, பாம்பு, நஞ்சு, நெருப்பு என்று பிள்ளையை வதைத்தபோதெல்லாம் மறைந்து நின்று காத்தவர், தலையைத் துண்டிக்கிறேன், இந்தத் தூணில் உன் கடவுள் இருக்கிறானா என்று தகப்பன் கேட்டபோதுதான் வெளிப்பட்டார். ஏன் என்பதற்குப் பாகவதம் தரும் காரணம், தன் அடியான் சொன்ன சொல்லை மெய்ப்பிக்க. தன் பெருமையை நிலைநாட்ட என்று அது சொல்லவில்லை. தனக்கு இழைத்த அபசாரத்தைப் பெருமாள் பொறுப்பார், அடியாருக்கு இழைத்ததைப் பொறுக்க மாட்டார் என்பது வைணவ மரபின் அழுத்தமான நம்பிக்கை. இரணியனின் சினம் தனக்காக எழுந்தது. நரசிம்மத்தின் சினம் ஒரு குழந்தைக்காக எழுந்தது. இருவரும் ஒருமைப் பற்றைக் கேட்கலாம். யாருக்காக என்று கேட்டால் பிரிந்துவிடுவார்கள்.

அந்தக் குழந்தை அதற்கு மேலும் போனது. வரம் கேள் என்றபோது, நெஞ்சில் ஆசை முளைக்காதிருக்க வேண்டும் என்றும், தன் தந்தையின் பாவம் நீங்க வேண்டும் என்றும் பிரகலாதன் கேட்டான்.

ஊடும் உரிமை

யாருக்காக என்ற கேள்வி மட்டும் போதாது. ஓசியாவைக் குறித்து எழுந்த ஐயம் இன்னும் நிற்கிறது. இங்கே தமிழ்ப் பக்தி ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தது. பொறாமைப்படும் உரிமையைக் கடவுளிடமிருந்து எடுத்து அடியாரிடமும் தேவியிடமும் கொடுத்தது.

நாச்சியார் திருமொழியின் 7ஆம் பதிகத்தில் ஆண்டாள் திருமாலின் சங்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். அவன் வாயமுதம் உனக்கு மட்டும்தானா என்று கேட்கிறாள். திருவாய்மொழி 6ஆம் பத்தில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி, தாமதமாக வந்த கண்ணனை உள்ளே விடாமல் உன் மற்றப் பெண்களிடமே போ என்று விரட்டுகிறார். பங்குனியில் உறையூர்க் கமலவல்லி நாச்சியாரிடம் போய்த் திரும்பும் நம்பெருமாளுக்குத் திருவரங்கத்தில் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்துகிறாள். வாழைமட்டை அடி விழுகிறது. நம்மாழ்வார் தூது பேசித்தான் கதவு திறக்கிறது. இது பிரணய கலகம். திருவண்ணாமலையில் தை மாதத் திருவூடலுக்கென்றே ஒரு வீதி இருக்கிறது. அங்கே சமரசம் பேசுபவர் சுந்தரர். அந்தச் சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துவிட்டுத் திருவாரூர் திரும்பியபோது, பரவையாரின் ஊடலைத் தீர்க்க நள்ளிரவில் தூது நடந்தவர் சிவபெருமானே. எளியவர் ஊடுகிறார், வலியவர் வாசலில் நிற்கிறார். வலியவரின் பொறாமை ஆபத்து. எளியவரின் ஊடலோ மரியாதை கேட்கும் குரல்.

இதிலும் ஒரு குறை தெரிகிறது. மட்டையடி வாங்கிய நம்பெருமாள் அடுத்த பங்குனியிலும் உறையூர் போகத்தான் போகிறார். பரத்தையிடம் போய் வரும் மருதத் தலைவனுக்கும் தண்டனை ஊடல் மட்டுமே. பெண்ணுக்குக் கோபிக்க உரிமை தந்த மரபு, ஆணின் போக்கை மாற்றக் கேட்கவில்லை. ஊடலை இலக்கிய அழகாக்கியதில் நியாயம் கொஞ்சம் கரைந்துபோனது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோவளத்தை அடுத்த திருவிடந்தைத் தல புராணம் இந்தச் சிக்கலை எளிதாகக் கடக்கிறது. காலவ முனிவரின் 360 பெண்களையும் வராகப் பெருமாள் நாளுக்கொருவராக மணந்தார். கடைசி நாளில் எல்லாரையும் ஒருத்தியாக்கி அகிலவல்லி என்று இடப்பக்கம் வைத்துக்கொண்டார். ஒருத்திக்கு ஒருத்தி பொறாமைப்பட அங்கே இருவர் இல்லை. இன்னும் ஆழமான விடை திருக்கோவலூரில் நடந்தது. மழை இரவில் ஓர் இடைகழி. ஒருவர் படுக்கலாம் என்ற இடத்தில் பொய்கையார் இருந்தார். மாமல்லபுரத்தில் பிறந்த பூதத்தாழ்வார் வந்தார்; இருவர் உட்காரலாம் என்றார்கள். பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்றார்கள். அதன் பிறகே நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். இடம் போய்விடும் என்று ஒருவர் அஞ்சியிருந்தாலும் அந்த நான்காமவரான பெருமாள் வந்திருக்க மாட்டார்.

முடிவாக

மனிதப் பொறாமையை வேரோடு பிடுங்க முடியாது. ஆறு மாதக் குழந்தையிடமே அது இருக்கிறது. ஆனால் அதை விசாரிக்க இரண்டு கேள்விகள் கிடைத்திருக்கின்றன. இது எனக்காகவா, நான் நேசிப்பவருக்காகவா? இங்கே வலிமை யார் கையில் இருக்கிறது? எனக்காக என்றால் அது அழுக்காறு. பிறருக்கு முன்னால் என்னையே தின்னும். பிறருக்காக என்று சொன்னாலும் அதிகாரம் என் கையில் இருந்தால், அன்பின் வேடத்தில் வரும் காவலாகிவிடும்.

தெய்வத்தின் பொறாமை பற்றிய நூல்களையும் இதே இரண்டு கேள்விகளோடு படிக்கலாம். இந்திரன் தேறவில்லை. ஓசியாவின் கடவுள் முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் தடுமாறுகிறார். தனக்கு வந்த ஏளனத்தைப் பகைவனின் நெஞ்சிலேயே ஒளிந்து பொறுத்தவர், ஒரு பிள்ளைக்கு வந்த ஆபத்தைப் பொறுக்காத இடத்தில் இரண்டிலும் தேறுகிறார். கடவுளுக்கு அவமானம் நேர்ந்துவிட்டது என்று கூட்டம் கூட்டிக் கல்லெறிபவர்களுக்கு இந்தக் கதையில் ஆதரவு இல்லை. தன் மானத்தைக் காக்கச் சொல்லி நரசிம்மர் எவரையும் ஏவவில்லை.